அயல்தேறலுக்கு அரியணை! பனங்கள்ளுக்கு விலங்கு!

வறுத்த வாற்கோதுமையில் வடித்த கருந்தேறலை மேலையர் கருவாலிமர மிடாவில் பல திங்கள் முதிர வைப்பர். இலண்டனினின்று உருசியப் பேரரசவைக்குச் சென்ற குடிவகையின் வழிவந்ததாதலின், அதற்குப் 'பேரரசு' என்னும் அடைமொழி வேறு! அதனைச் சுவைத்து வியக்கும் தமிழன், மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேறலைத் திருமுருகாற்றுப்படை கூறுதலை அறிவானா?

தன் தேறலை மறந்தது நாவு மட்டுமன்று, அரசுந்தான். 1987 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. 2003 முதல் வாற்கோதுமைத் தேறலையும் அயல்வகை வெறிநீரையும் அரசே கடைவிரித்து விற்கின்றது. குமரி மாவட்டத்துப் பனையேறி கள்ளிறக்கினால் குற்றவாளி. களியக்காவிளை கடந்தால், கேரளத்தில் அதே கள்ளிறக்கம் உரிமம் பெற்ற தொழில்!

குடி கேடெனில் இரண்டையும் மூடுக! இல்லையேல், பனையை மட்டும் சிறைப்படுத்தும் சட்டத்தை நீக்குக!