ரத்தம் மட்டும் போதாது

ஒரு குழாய் ரத்தத்திலேயே குடல் அழற்சி நோயைக் கண்டுபிடித்துவிடலாம், கொலோனோஸ்கோபி வீண் செலவு என்கிறது ஒரு வாதம். அப்படிச் சொல்பவர்கள் சென்னை காசிமேட்டில் வந்து சொல்லட்டும். நாள்பட்ட வயிற்றுவலி, பேதி, எடைக்குறைவு என்றால் இங்கே குடல் காசநோயையும் சந்தேகித்தாக வேண்டும். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அதிலும் ஏறும், குடல் அழற்சியில் ஒரு வகையான கிரோன் நோயிலும் ஏறும். இன்னொரு வகையான பெருங்குடல் புண் நோயில் பலருக்கு ஏறாமலே கிடக்கும். ரத்தத்தில் பார்க்கும் ஆஸ்கா எதிர்ப்பொருளும் இந்திய ஆய்வுகளில் காசநோயையும் கிரோனையும் பிரித்துக் காட்டவில்லை. காசநோயைக் கிரோன் என்று நினைத்து, நோயெதிர்ப்பைத் தணிக்கும் இன்ஃப்ளிக்சிமாப் போட்டால் காசநோய்க் கிருமிக்குக் கொண்டாட்டம்தான்!

அமெரிக்கப் படைவீரர்களின் சேமித்த ரத்தத்தில், குடல் அழற்சி நோய் தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே எதிர்ப்பொருள்கள் தென்பட்டன. நல்ல ஆராய்ச்சி, மறுக்கவில்லை. அதை வைத்து ஸ்டான்லி மருத்துவமனையில் வரிசையில் நிற்பவருக்கு மருந்து எழுத முடியுமா? அவருக்குத் தேவை கொலோனோஸ்கோபியில் குடலிலிருந்து கிள்ளியெடுத்த திசு, அதில் காசநோய்ப் பரிசோதனை.