எண்ணெய்க்கு மட்டும்தானா மானியம்?

தமிழகத்தில் நாட்டுப்படகு மீனவருக்கு அரசு தரும் தொழில் உதவியின் பெரும்பகுதி லிட்டர் கணக்கில் வருகிறது. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதல்வர் வெளியிட்ட அறிவிப்புகளில் சிலவும் அந்தக் கணக்கிலேயே இருந்தன. இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகு ஒன்றுக்கு ஆண்டுக்கு 4,000 லிட்டராக இருந்த வரிவிலக்கு டீசல் 4,400 லிட்டராக உயர்ந்தது. மானிய மண்ணெண்ணெய் 3,400 லிட்டரிலிருந்து 3,700 லிட்டராகக் கூடியது. வெளிப்பொருத்து இயந்திரம் வாங்க 40 விழுக்காடு மானியம் என்றும் சொல்லப்பட்டது. கடலுக்குப் போகிறவர்களுக்கு இந்த உதவி அவசியம். அதில் ஒரு சொட்டையும் குறைக்கக் கூடாது.

ஆனால், கரையிலிருந்து கூப்பிடும் தூரத்தில், கழிமுகத்துக்குள்ளேயே தொழில் செய்யும் சிறு படகுக்காரர் எண்ணெயை விட்டு மின்மோட்டாருக்கு மாற நினைத்தால் அவருக்கு என்ன கிடைக்கும்? எண்ணெய் வாங்காதவருக்கு எண்ணெய் மானியத்தில் பங்கில்லை. செலவைக் குறைக்க முன்வருகிறவர் தனக்குரிய உதவியையும் இழக்கிறார். இந்த முரண்பாட்டை அரசு நீக்க வேண்டும். கழிமுகங்களிலும் ஆறுகளிலும் ஓடும் சிறு மீன்பிடிப் படகுகளுக்கு மின்மோட்டார் பொருத்தும் திட்டத்தை மீன்வளத் துறை தொடங்க வேண்டும். அதற்குப் பொருத்தமான முதல் இடம் செங்கல்பட்டு மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள கடப்பாக்கம்.

கடப்பாக்கத்தைத் தேர்வதற்குக் காரணம் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய இந்த ஊரின் பக்கத்தில், ஆலம்பரைக் கோட்டையின் காலடியில், எடையந்திட்டு முகத்துவாரம் விரிகிறது. சென்னையிலிருந்து தெற்கே வரும் பக்கிங்காம் கால்வாயும் கழுவெளியிலிருந்து வடியும் நீரும் இங்கேதான் கடலைத் தொடுகின்றன. ஆழம் குறைவு, அலை இல்லை, தூரமும் அதிகமில்லை. மடவை, கொடுவா, இறால், நண்டு என்று கழியிலேயே பிழைப்பு நடத்தும் குடும்பங்கள் கோல் ஊன்றியும் துடுப்புப் போட்டும் சிறு இன்ஜின் வைத்தும் படகு ஓட்டுகின்றன. கோட்டை பார்க்க வருகிறவர்களைப் படகில் ஏற்றிக் கழியைச் சுற்றிக் காட்டுவதும் ஒரு வருமானம். கடலோடும் ஃபைபர் படகுகளும் இங்கே உண்டு. அவை வேறு வகை, அவற்றின் தேவையும் வேறு.

வேறுபாடு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். நீரில் மெதுவாகப் போகும் படகுக்குத் தேவைப்படும் சக்தி, வேகம் கூடக் கூடப் பல மடங்காகப் பெருகும். தோராயமாகச் சொன்னால், வேகத்தைப் பாதியாக்கினால் எட்டில் ஒரு பங்கு சக்தி போதும். மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் வேகத்தில் இருவரையும் வலையையும் சுமந்து செல்லும் சிறு படகுக்கு ஒரு கிலோவாட் மோட்டார், அதாவது சுமார் 1.3 குதிரைத் திறன் கூடப் போதுமானது. அதை மூன்று மணி நேரம் ஓட்டினால் செலவாவது மூன்று யூனிட் மின்சாரம். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று வைத்தாலும் 24 ரூபாய். டீசல் லிட்டர் 90 ரூபாயைத் தாண்டி நிற்கும் காலத்தில், வரிவிலக்கைக் கழித்த பிறகும் இந்த விலைக்கு அரை லிட்டர்கூடக் கிடைக்காது.

ஒரு லிட்டர் டீசலுக்குள் சுமார் பத்து யூனிட் ஆற்றல் இருக்கிறது. சிறிய இன்ஜின் அதில் கால் பங்கைத்தான் தண்டுக்குக் கொடுக்கிறது. மீதி வெப்பமாகவும் புகையாகவும் இரைச்சலாகவும் போகிறது. மின்மோட்டார் தனக்குள் வரும் மின்சாரத்தில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் சுழற்சியாக்கும். வலை வைக்க நிறுத்தி, எடுக்க நகர்த்தி, மறுபடி நிறுத்தித் தொழில் செய்யும் கழிமுகப் படகில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. டீசல் இன்ஜின் சும்மா ஓடிக்கொண்டிருந்தாலும் எண்ணெய் குடிக்கும். மின்மோட்டார் நின்றால் செலவும் நின்றுவிடும்.

இது புதுமை மோகத்தில் பிறந்த கோரிக்கை என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. படகின் பின்னால் கழற்றி மாட்டும் மோட்டாரே முதலில் மின்சாரத்தில்தான் ஓடியது. 1881இல் பாரிஸ் நகரின் சேன் ஆற்றில் குஸ்தாவ் த்ரூவே அப்படியொரு மோட்டாரை ஓட்டிக் காட்டினார். பெட்ரோல் வெளிப்பொருத்து இயந்திரத்தை ஓலே எவின்ரூட் விற்பனைக்குக் கொண்டுவந்தது அதற்கு ஏறக்குறைய முப்பதாண்டு கழித்து. மின்மோட்டாரை அன்று பின்தள்ளியது பேட்டரியின் எடை. இன்று அந்தத் தடை கழிமுக அளவுக்கு நீங்கியிருக்கிறது. ஐந்து யூனிட் தாங்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி நாற்பது ஐம்பது கிலோதான், இருவர் தூக்கிவிடலாம். அதே வேலையைச் செய்ய ஈய பேட்டரி வைத்தால் இருநூறு கிலோவைத் தாண்டும். லித்தியம் பேட்டரியை முறையாகப் பயன்படுத்தினால் இரண்டாயிரம் முறைக்கு மேல் சார்ஜ் ஏற்றலாம். ஆண்டுக்கு 250 நாள் தொழில் என்றால் எட்டு ஆண்டு வரும்.

கடலுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பத்துக் குதிரைத் திறன் இன்ஜினோடு அலையை உடைத்துக்கொண்டு போய் ஐந்து மணி நேரம் ஓடும் ஃபைபர் படகுக்கு 35 யூனிட்டுக்கு மேல் வேண்டும். அந்த பேட்டரி மட்டுமே முன்னூறு கிலோவைத் தாண்டும். மணலில் தள்ளிக் கரையேற்றும் படகில் அந்தப் பாரத்தை ஏற்றச் சொல்வது மீனவரைக் கேலி செய்வதற்குச் சமம். நடுக்கடலில் சார்ஜ் தீர்ந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே ‘எல்லாப் படகையும் மின்மயமாக்குவோம்’ என்ற முழக்கம் நமக்கு வேண்டாம். எங்கே இன்றே பலன் தருமோ அங்கே தொடங்க வேண்டும் என்பதுதான் நம் நிலைப்பாடு.

அண்டை மாநிலம் வழி காட்டியிருக்கிறது. கேரளத்தின் வைக்கம்–தவணக்கடவு இடையே 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ‘ஆதித்யா’, நாட்டின் முதல் சூரிய ஒளிப் பயணிகள் படகு. 75 பேரை ஏற்றிக்கொண்டு வேம்பநாட்டுக் காயலைக் கடக்கும் அந்தப் படகை வடிவமைத்த கொச்சி நிறுவனம் நவால்ட், பின்னர் ‘ஸ்ரவ்’ என்ற சூரிய ஒளி மீன்பிடிப் படகையும் உருவாக்கியது. கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனமும் சூரிய ஒளியில் ஓடும் சிறிய ஃபைபர் படகை வடிவமைத்திருக்கிறது. வாராணசியில் கங்கையில் ஓடும் நூற்றுக்கணக்கான டீசல் படகுகளை இயற்கை எரிவாயுவுக்கு மாற்ற கெயில் நிறுவனம் பணம் கொடுத்தது. எரிவாயு நிரப்பப் படித்துறையிலேயே மிதக்கும் நிலையமும் வந்தது. படகுக்காரரிடம் ‘நீயே மாற்றிக்கொள்’ என்று சொல்லியிருந்தால் அந்த மாற்றம் நடந்திருக்காது. பொதுப்பணம் முன்னால் வந்ததால் நடந்தது.

எண்ணெயை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்தை இலங்கைத் தமிழ் மீனவர் 2022இல் அனுபவித்தார்கள். எரிபொருள் தட்டுப்பாட்டில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் படகுகள் கரையில் கிடந்தன. அந்த ஆண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே நாளில் ஏறியது. அந்த நிலை இங்கே வராது என்று உறுதி சொல்ல யாராலும் முடியாது. கூரைமேல் வைத்த சூரியத் தகட்டுக்கு உலகச் சந்தை விலை தெரியாது. இந்தக் கடற்கரையின் வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும். ஒரு கழிமுகப் படகின் ஒரு நாள் தேவை அதற்குள் அடங்கும்.

அப்படியிருந்தும் சிறு மீன்பிடிப் படகு எந்த மின்மயத் திட்டத்தின் கண்ணிலும் படவில்லை. 2024 அக்டோபரில் 10,900 கோடி ரூபாயில் தொடங்கிய ஒன்றிய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டம் இருசக்கர வாகனம், ஆட்டோ, பேருந்து, லாரி, ஆம்புலன்ஸ் வரை உதவ வகுக்கப்பட்டது, அதில் படகுக்கு இடமில்லை. 2024 ஜனவரியில் வந்த ‘ஹரித் நௌகா’ வழிகாட்டுதல் உள்நாட்டு நீர்வழிகளில் ஓடும் பயணிகள் படகுகளைப் பசுமையாக்குவதைப் பேசுகிறது. மீன்பிடிப் படகு அதன் நோக்கமன்று. மாநிலத்தின் மின்வாகனக் கொள்கை சாலையைத் தாண்டி இறங்கவில்லை. கால்வாயைத் தேசிய நீர்வழி என்று அறிவிப்பதில் காட்டிய ஆர்வம் அதில் வலை போடுகிறவர் பக்கம் திரும்பவில்லை. காக்கிநாடா–புதுச்சேரி நீர்வழியில் பக்கிங்காம் கால்வாய் சேர்ந்தது 2008லேயே.

எடையந்திட்டில் அரசு பணம் போட நினைக்காமல் இல்லை. முகத்துவாரத்தின் இரு பக்கமும், ஆலம்பரைக்குப்பத்திலும் அழகன்குப்பத்திலும், 235 கோடி ரூபாயில் மீன்பிடித் துறைமுகம் கட்டும் திட்டம் சுற்றுச்சூழல் கேள்விகளோடு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. பக்கத்திலேயே உள்ள கழுவெளியை 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்ததும் மாநில அரசுதான். பறவைக்கும் மீனவருக்கும் சண்டை மூட்டாத முதலீடு ஒன்று வேண்டுமென்றால் அது இதுதான்: புகையில்லை, நீரில் எண்ணெய்ப் படலம் இல்லை, இரைச்சல் இல்லை. துறைமுகத்துக்கு ஒதுக்க நினைத்த தொகையில் நூற்றில் ஒரு பங்கு இருந்தாலே முன்னோடித் திட்டம் நடக்கும்.

எதிர்க்கேள்விகள் நியாயமானவை. முதலாவது, உப்புநீர். முனைகள் பச்சை பூக்கும், அலுமினியம் அரிக்கும், தண்ணீர் புகாத இணைப்பு இல்லாத மலிவு மோட்டார் ஒரு மழைக்காலம் தாங்காது. ஏரியில் ஓடுவதற்கென்று செய்த மோட்டாரை டெண்டரில் விலை குறைவு என்பதற்காக வாங்கிக் கொடுத்தால், ஒரே ஆண்டில் அது காயலான் கடைக்குப் போகும். மின்மோட்டார் என்றாலே மீனவருக்கு வெறுப்பும் வரும். இரண்டாவது, பழுது. டீசல் இன்ஜினைப் பிரித்துப் போட்டு மாட்டத் தெரிந்த மெக்கானிக் ஒவ்வொரு குப்பத்திலும் உண்டு. மின்மோட்டாருக்கு ஆள் சென்னையிலிருந்து வர வேண்டும் என்றால் ஒரு வாரத் தொழில் போய்விடும். மூன்றாவது, புயல். 2022 டிசம்பரில் மாண்டஸ் மாமல்லபுரத்தருகே கரை கடந்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் மரக்காணம் பகுதியைப் புரட்டிப் போட்டது. தாழ்வான இடத்தில் சார்ஜ் கொட்டகை கட்டினால் அடுத்த புயலுக்கே அது இரையாகும்.

நான்காவது கேள்வி எல்லாவற்றிலும் கனமானது. ஓட்டும் செலவு குறைந்தால் எல்லாரும் மோட்டார் வைப்பார்கள். சின்னக் கழியில் மீன் தாங்குமா? துடுப்பும் கோலும் வைத்திருப்பவரும் கையால் இறால் தடவிப் பிடிக்கிறவரும் ஓரங்கட்டப்பட மாட்டார்களா? இந்தக் கவலைக்குப் பதில் மோட்டாரின் திறனுக்கு உச்சவரம்பு வைப்பதும், ஏற்கெனவே இன்ஜின் வைத்திருக்கும் படகுக்கு முன்னுரிமை தருவதும், எங்கே மோட்டார் ஓடக் கூடாது என்பதை ஊர்ப் பஞ்சாயத்தும் மீனவர் கூட்டுறவுச் சங்கமும் முடிவு செய்வதும்தான். சென்னையில் உட்கார்ந்து அந்த எல்லையைக் கோடு போட முடியாது.

கரைக்கேற்ற கருவியைக் கரையில் உட்கார்ந்து உருவாக்கிய முன்னனுபவம் இந்தக் கடற்கரைக்கு உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், அலையடிக்கும் மணற்கரையில் ஏற்றி இறக்கும் படகுகளை மீனவரோடு சேர்ந்து பலமுறை மாற்றி மாற்றிச் சோதித்தது. மணலில் தட்டாமல் இன்ஜினையும் சுழலியையும் தூக்கிக்கொள்ளும் அமைப்பு அந்த முயற்சியில் வந்ததுதான். கழிமுக மோட்டாருக்கும் அதே வழி வேண்டும்: முழங்கால் ஆழத்தில் தூக்கிக்கொள்ளும் நீண்ட தண்டு, வலை சுற்றினால் தானே நிற்கும் அமைப்பு, கழற்றிக் கரைக்குக் கொண்டுபோகும் பேட்டரி. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமும் சென்னையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனமும் ஐ.ஐ.டி.யும் இருக்கும் மாநிலத்தில் இதற்கு ஆள் தேட வேண்டியதில்லை.

அரசு செய்ய வேண்டியவை தெளிவானவை. வெளிப்பொருத்து இயந்திரத்துக்கான 40 விழுக்காடு மானியம் மின்மோட்டாருக்கும் பேட்டரிக்கும் பொருந்தும் என்று ஆணையிட வேண்டும். தொடக்கத்தில் விலை அதிகம் என்பதால் கழிமுகப் படகுக்கு அதை உயர்த்தியும் தரலாம். எண்ணெய் ஒதுக்கீட்டை விட்டுக்கொடுக்கிறவருக்கு அதற்கு ஈடான தொகையை ஆண்டுதோறும் பேட்டரிக் கணக்கில் சேர்க்க வேண்டும். மாறியபின் பிடிக்கவில்லையென்றால் பழைய ஒதுக்கீட்டுக்குத் திரும்பும் உரிமையும் வேண்டும். அந்த உறுதி இல்லாமல் எந்த மீனவரும் துணிய மாட்டார். மீன் இறங்குதளத்தில் வெள்ளம் எட்டாத உயரத்தில் சூரியத் தகட்டோடு சார்ஜ் கொட்டகை கட்டிக் கூட்டுறவுச் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். குப்பத்து இளைஞர்களுக்கு ஐ.டி.ஐ. வழியாக மோட்டார், பேட்டரி பழுதுபார்க்கும் பயிற்சி தர வேண்டும். ஐந்தாண்டு உத்தரவாதமும் உள்ளூரில் பழுது மையமும் இல்லாத நிறுவனத்திடம் வாங்கக் கூடாது. கடப்பாக்கத்தில் கிடைக்கும் அனுபவத்தை அப்படியே எழுதி வைத்து, பழவேற்காட்டுக்கும் பிச்சாவரத்துக்கும் எடுத்துச் செல்ல வேண்டும்.

இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. இருக்கிற மானிய ஆணைகளில் சில வரிகளைத் திருத்தினால் போதும். சட்டப்பேரவையில் அடுத்த முறை மீன்வளத் துறையின் மானியக் கோரிக்கை வரும்போது, லிட்டர் எத்தனை என்று சொல்லும் அமைச்சர் யூனிட் எத்தனை என்றும் சொல்ல வேண்டும்.