தீபனின் வெள்ளைக்கோடு

மண்டைதீவில் உறவினர் வீடொன்றில் 'தீபன்' படத்தை மறுபடியும் பார்த்தேன். பக்கத்தில் பெரியம்மா இருந்தார். தீபனாக நடித்த ஷோபாசக்தி பக்கத்து அல்லைப்பிட்டியைச் சேர்ந்தவர் என்று சொன்னதால்தான் வந்து குந்தினார். பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓதியாரின் இந்தப் படம் 2015ஆம் ஆண்டு கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்றது.

தொடக்கத்தில், முகாமொன்றில் யாழினி தாயில்லாத பிள்ளையொன்றைத் தேடி அலைகிறாள். ஒருவரையொருவர் அறியாத மூவர், இறந்துபோன குடும்பமொன்றின் கடவுச்சீட்டோடு பிரான்சுக்குப் போகிறார்கள். துவக்கு எதுவும் வெடிக்கவில்லை. ஆனாலும் பெரியம்மா சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்திருந்தார். பொய் எந்த இடத்தில் பிடிபடுமோ என்ற பதற்றம். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிவிட்டு நின்றவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

பிரான்சில் அவர்கள் குடியேறும் தொடர்மாடிக் குடியிருப்பில் போதைப்பொருள் கும்பல்கள் மோதுகின்றன. தீபன் நிலத்தில் வெள்ளைக்கோடு கீறி, இது சூடு நடத்தக்கூடாத இடம் என்கிறான். 2009இல் வன்னியிலும் 'பாதுகாப்பு வலயம்' அறிவித்தார்கள். அதற்குள்ளும் எறிகணைகள் விழுந்தன. அந்தக் கோடு யாரையும் காப்பாற்றாது என்பது, அவன் கீறும்போதே எங்களுக்குத் தெரியும். படத்தில் என் நெஞ்சு அதிகம் அடித்துக்கொண்டது அங்கேதான்.

கடைசியில் தீபன் புகை நிறைந்த படிகளில் தனியாளாக ஏறி எதிரிகளை வீழ்த்துகிறான். பிறகு இங்கிலாந்தில் வெயில் விழும் ஒரு தோட்டம். சத்தம் கூடிய அந்த இடத்தில் பெரியம்மா தேத்தண்ணி வைக்க எழும்பிப் போய்விட்டார். எல்லோரையும் வெல்லக்கூடியவனுக்காகப் பயப்பட என்ன இருக்கிறது? அதுவரை அவன் எங்களில் ஒருவன். அதன் பிறகு வெறும் கதாநாயகன்.

அடிதடிப் படத்துக்கு ஒரு முடிவு வேண்டும் என்பது எனக்கும் விளங்குகிறது. ஆனால் போரைப் படமாக்க நினைக்கும் எங்கள் இளையவர்கள் படத்தின் முதற்பாதியைத்தான் படிக்க வேண்டும். பார்வையாளரைக் கட்டிவைப்பது வெடிச்சத்தம் அல்ல. இழப்பதற்கு ஏதோ ஒன்றைக் கையில் வைத்திருக்கும் மனிதர்தான்.

மண்டைதீவில் அப்படியான மனிதர்களைத் தேடவேண்டியதில்லை. 1990 ஆகஸ்டில் தீவகத்தில் நடந்த இராணுவ நடவடிக்கையில் பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர்கள் பலர் திரும்பவில்லை. இங்கே சில வீடுகளில் அவர்களின் படங்கள் இன்னும் மாலை போடாமலே தொங்குகின்றன.