கத்திரி வெயிலில் வீடு பாருங்கள்

கத்திரி தொடங்கி ஐந்து நாள் ஆகிறது. நேற்று இரவு பதினொரு மணிக்கு எங்கள் முத்தியால்பேட்டையில் கரண்ட் போனது. பத்து நிமிடத்துக்கெல்லாம் பக்கத்து அடுக்குமாடியிலிருந்து ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். கையில் விசிறி, செல்போன் வெளிச்சம், தோளில் தூங்காத குழந்தை. கார் நிறுத்தும் இடத்தில் அனல். வெளியே வந்தால் உட்கார இடமில்லை. எழுபது வயதுக்காரர் ஒருவர் காம்பவுண்டு சுவரைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றார். எங்கள் வீட்டிலிருந்து ஒரு நாற்காலி கொண்டுபோய்ப் போட்டேன்.

அதே இடத்தில் முன்பு இருபது பேர் உட்காரும் அளவுக்குத் திண்ணை இருந்தது. அந்தத் திண்ணையை இடிக்க வைத்தவர்களில் நானும் ஒருவன். நாற்காலி போட்டதால் அது ஈடாகிவிடாது என்று எனக்குத் தெரியும்.

1986-இல் சைக்கிளில் ஆரம்பித்து 2017-இல் விடும்வரை இந்த ஊரில் வீட்டுத் தரகு பார்த்தேன். லாஸ்பேட்டை, முதலியார்பேட்டை, ரெட்டியார்பாளையம், எல்லைப்பிள்ளைச்சாவடி என்று நான் கால் வைக்காத வீதி குறைவு. கமிஷன் வாங்கிச் சாப்பிட்டவன் இப்போது உபதேசம் செய்கிறானே என்று நீங்கள் நினைக்கலாம். நினையுங்கள். ஆனால் எங்கள் தொழிலில் எப்படிப் பேசினோம் என்பதைத் தொழிலில் இருந்தவன்தான் சொல்ல முடியும்.

எங்களுக்குள் எழுதாத சட்டங்கள் சில உண்டு. மேற்குப் பார்த்த வீட்டைக் காலை ஒன்பது மணிக்குள் காட்டிவிட வேண்டும். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் வீட்டை மார்கழி, தை மாதத்தில் தள்ளிவிட வேண்டும். பால்கனிக் கதவைத் திறந்து, “கடல் காத்து சும்மா பிச்சிக்கிட்டுப் போகும் சார்” என்று சொல்ல வேண்டும். எதிரே காலி மனை இருக்கும்வரைதான் அந்தக் காற்று. அடுத்த வருடம் அங்கேயும் நாலு மாடி எழும்பும் என்பது எனக்கு முன்கூட்டியே தெரியும். சில சமயம் அந்த மனையை விற்றதும் நானாகவே இருக்கும்.

ஒரு டீச்சரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். கணவர் ‘சொல்தா’, பிரெஞ்சு பென்ஷன் வாங்கியவர், காலமாகிவிட்டார். பிள்ளைகள் பாரிசில். தெருவைப் பார்த்துத் தாழ்வாரம், உள்ளே திண்ணை, கூடம், நடுவில் முற்றம், பின்னால் கொல்லையும் கிணறும் கொண்ட வீடு. பிள்ளைகளுக்குப் பாகம் பிரிக்க வேண்டும். நான்தான் ஒரு பில்டரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் முற்றத்தைப் பார்த்தார். பன்னிரண்டுக்குப் பத்தடி இருக்கும். என் பக்கம் திரும்பி, “இவ்வளவும் வேஸ்ட் சார்” என்றார். நானும் தலையாட்டினேன்.

டீச்சரம்மாவுக்கு மூன்றாவது மாடியில் மேற்குப் பக்கம் ஒரு வீடு கிடைத்தது. அதற்கு மேலே மொட்டை மாடிதான். அடுத்த மே மாதம் வேறு வேலையாகப் போனபோது பார்க்கப் போனேன். மத்தியானம் மூன்று மணி. தரையில் ஈரப் புடவையை விரித்து அதன்மேல் படுத்திருந்தார். மகன் பணம் அனுப்பி ஏசி போட்டிருந்தார். பில்லுக்குப் பயந்து ராத்திரி இரண்டு மணி நேரம்தான் ஓட்டுவாராம். எனக்கு மோர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, நீ பொய் சொல்லல. கேட்டதுக்கெல்லாம் சரியாத்தான் பதில் சொன்ன. மே மாசத்துல இந்த வீடு எப்படி இருக்கும்னு எனக்குத்தான் கேக்கத் தெரியல.”

திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

அந்தப் பழைய வீடு என்ன செய்துகொண்டிருந்தது என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். சுவர் ஒன்றரை அடி கனம், செங்கல்லும் சுண்ணாம்பும். பகல் வெயில் அதைத் தாண்டி உள்ளே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மேலே மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரத்தின்மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கி, சுண்ணாம்புக் கலவை கொட்டி, அதற்குமேல் தட்டோடு பதித்த கூரை. தரையிலிருந்து கூரைக்குப் பதினான்கு அடி. சூடான காற்று தலைக்கு மேலே ஏறி, முற்றத்தின் வழியாக வெளியே போய்விடும். மத்தியானத்துக்குமேல் கடற்காற்று எழும்பும்போது வாசல் வழியாக நுழைந்து கொல்லை வரை நேராக ஓடும். தெருச்சுவரில் வெயில் படாமல் தாழ்வாரம் காக்கும். போகிற வருகிறவனுக்கும் அதுதான் நிழல். இத்தனைக்கும் மீட்டர் ஓடாது.

இப்போதைய கான்கிரீட் தளம் ஐந்தாறு அங்குலம். கூரை பத்தடிக்குள். பகலெல்லாம் குடித்த வெயிலை அது ராத்திரி முழுக்க நம் தலைமேல் கக்குகிறது. ஏசி போட்டால் நம் அறைச் சூடு பக்கத்து வீட்டு ஜன்னலுக்குப் போகிறது. அவரும் ஏசி போட வேண்டியதுதான்.

இதற்கெல்லாம் மூல காரணம் எது என்று என்னைக் கேட்டால், சதுர அடி என்பேன். வீட்டைச் சதுர அடிக் கணக்கில் விற்க ஆரம்பித்த நாளிலிருந்து, கூரை போட்ட இடம்தான் வீடு என்றாகிவிட்டது. கூரை இல்லாத முற்றத்துக்கு விலை இல்லை. தெருக்காரர்களுக்கு விட்டுவைத்த தாழ்வாரத்துக்கு விலை இல்லை. தலைக்கு மேலே இருக்கும் நாலடிக் காற்றுக்கும் விலை இல்லை. வீட்டைக் குளிரவைத்த எல்லாமே எங்கள் கால்குலேட்டரில் பூஜ்யம். அதனால்தான் அவை முதலில் போயின.

“பழைய வீட்டைப் பராமரித்துப் பார்த்தால் தெரியும் ஐயா” என்று சிலர் சொல்வீர்கள். உண்மைதான். கரையான் அரிக்கும், மழைக்கு ஒழுகும், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதில்லை, கார் நிறுத்த இடமில்லை, அண்ணன் தம்பி நாலு பேருக்குள் கையெழுத்து வாங்கவே ஆயுள் போதாது. எல்லாரும் திண்ணை வீட்டுக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த வீடுகளிலும் பெண்கள் சமையலறைப் புகையில் வெந்தார்கள். அதையும் மறைக்கக்கூடாது.

கான்கிரீட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் நான் தயாரில்லை. நம் ஊரிலேயே, ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைப் பாருங்கள். 1930-களின் கடைசியில் அந்தோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞர் வரைந்து, ஜார்ஜ் நகாஷிமா கூட இருந்து எழுப்பிய கான்கிரீட் கட்டடம். நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கும். சுவருக்குப் பதிலாகத் திறந்து மூடும் அகலப் பட்டைகள். வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் விடும். தளத்தின்மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள். இடையில் காற்று போக இடம். எண்பது வருடத்துக்கு முன்பே கான்கிரீட்டில் இதைச் செய்ய முடிந்தது. இன்று ரெட்டியார்பாளையத்தில் ஏன் முடியவில்லை? தெரியாததால் அல்ல, அப்படிக் கட்டினால் நாலு வீடு குறையும் என்பதால்.

பாரம்பரியம் என்று பேசுகிறவர்களிடமும் எனக்குக் கோபம் உண்டு. 1738-இல் எழுந்த ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாடியில் பிரெஞ்சுத் தூண்கள், கீழே தமிழ் வீடு. நம் ஊர் இரண்டும் கலந்தது. ஆனால் சுற்றுலாக்காரர் படம் எடுப்பதெல்லாம் ஒயிட் டவுனின் மஞ்சள் சுவரைத்தான். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் வீதிகளில் வீடு விழுந்தால் சத்தமே கேட்பதில்லை. இன்டாக் அமைப்பு 1990-களில் கணக்கெடுத்தபோது சுமார் 1,800 பாரம்பரியக் கட்டடங்கள் இருந்தன. பிறகு அது 1,200 அளவுக்கு இறங்கியது. கடற்கரை மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்தது; ஊரே துக்கம் விசாரித்தது; திரும்பவும் கட்டி 2021-இல் திறந்தார்கள். நல்லது. வைசியாள் வீதியைச் சீராக்கியதற்கு 2008-இல் யுனெஸ்கோ விருதும் வந்தது. அதுவும் நல்லது. ஆனால் முகப்புக்கு வர்ணம் அடித்து, உள்ளே முற்றத்தை மூடி, ஏசி அறைகளாகப் பிரித்து வார இறுதிக்கு வாடகைக்கு விட்டால் அதற்குப் பெயர் பாரம்பரியமா? குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள்? ஊருக்கு வெளியே, மூன்றாவது மாடியில், மேற்குப் பக்கம்.

சரி, என்ன செய்யலாம்? வீடு வாங்குகிறவர்களுக்கு முதலில். கத்திரியில், மத்தியானம் மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள். மின்விசிறியை நிறுத்தச் சொல்லிப் பத்து நிமிடம் உட்காருங்கள். மேற்குச் சுவரில் உள்ளங்கையை வையுங்கள். எதிர் மனை யாருடையது என்று கேளுங்கள். தரகர் அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பாரிசிலும் சென்னையிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு: பாகத்தை வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் அம்மாவுக்கு எந்த மாடி, எந்தப் பக்கம் என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்முன் நீங்களே கேளுங்கள். ஏசி வாங்கப் பணம் அனுப்புவது அதற்குப் பிறகு.

அரசாங்கத்துக்கு: மேல்மாடித் தளத்தில் வெயில் தடுக்கும் ஓடு பதிக்காமல் குடியேற அனுமதி தராதீர்கள். அடுக்குமாடியின் தெருப்பக்கம் நிழலோடு பத்துப் பேர் உட்கார ஒரு திண்ணை கட்டாயம் என்று எழுதுங்கள். முற்றத்தோடு பழைய வீட்டைப் பழுதுபார்த்துக் குடியிருப்பவருக்கு வீட்டு வரியைக் குறையுங்கள்.

இன்று காலை பக்கத்து அடுக்குமாடிச் சங்கத் தலைவரைப் பார்த்து, காம்பவுண்டு ஓரம் ஒரு சிமெண்டுத் திண்ணையும் மேலே ஒரு ஓட்டுச் சாய்ப்பும் போடலாமே, பாதிச் செலவு என்னுடையது என்று சொன்னேன். அங்கே இரண்டு பைக் நிறுத்தும் இடம் போய்விடும், மீட்டிங்கில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். கேட்கட்டும். கத்திரி முடிய இன்னும் இருபது நாள் இருக்கிறது. தினமும் போய்க் கேட்பேன்.