நகைப்பட்டறைக்கும் வரட்டும் அயலகப் பிள்ளைகள்

அயலகத் தமிழ் இளைஞர்களை மூதாதையர் மண்ணுக்கு அழைத்து வந்து காட்டும் 'வேர்களைத் தேடி' திட்டத்தைத் தமிழக அரசு 2023-இல் தொடங்கியது. 18 முதல் 30 வயது வரை உள்ளவர்கள் இரண்டு வாரம் போலத் தங்கிக் கோயில்களையும் பழைய ஊர்களையும் பார்த்துத் திரும்புகிறார்கள். வரவேற்க வேண்டிய திட்டம்தான். ஆனால் இரண்டு வாரத்தில் பார்க்க முடியுமே தவிர, எதையும் கற்க முடியாது. வருகிறவர்களில் சிலராவது ஒரு கைத்தொழிலைக் கற்றுக்கொண்டு போக விரும்பினால், அதற்கு இன்று முறையான வழி ஏதும் இல்லை. நடனமும் சங்கீதமும் கற்க வருகிறவர்களுக்குச் சென்னையில் குருவும் கிடைக்கிறார், தங்க இடமும் கிடைக்கிறது. அந்த நடனக்காரரின் தலையில் ஏறும் நகையைச் செய்யக் கற்க நினைப்பவர் யாரிடம் போய்க் கேட்பது? நாகர்கோவில் வடசேரியின் கோயில் நகைப் பட்டறைகளை முன்மாதிரியாக வைத்து, அரசே இந்த வழியைத் திறக்க வேண்டும்.

வடசேரி நகையைத் தள்ளி நின்று பார்த்தால் சிவப்புக் கல்லும் பொன்னிறமும்தான் தெரியும். கையில் எடுத்துத் திருப்பினால்தான் வேலை புரியும். அடித்தளம் வெள்ளி. தகட்டை அடித்து, கல்லின் அளவுக்கு அறை அறையாகக் கட்டி, உள்ளே அரக்கை நிரப்புகிறார்கள். அரக்கு இளகிய பதத்தில் இருக்கும்போது கெம்புக் கல்லை உட்கார வைக்கிறார்கள். பிறகு கல்லைச் சுற்றியுள்ள மெல்லிய இடைவெளியில் சுத்தத் தங்க ரேக்கை வைத்து, சிறு கருவியால் அழுத்தி அழுத்திக் கல்லைக் கவ்விப் பிடிக்கும் விளிம்பாக மாற்றுகிறார்கள். அழுத்தம் கூடினால் கல் நகர்ந்துவிடும்; குறைந்தால் விளிம்பு பிடிக்காது. இந்த அளவை எந்தப் புத்தகத்திலும் எழுதிவைக்க முடியாது. தெரிந்த கைக்குப் பக்கத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்துதான் பழக வேண்டும். காணொளியில் எல்லாம் கிடைக்கிறதே என்பவர்களுக்கும் இதுவே பதில். திரையில் கருவி போகும் திசை தெரியும், விரல் கொடுக்கும் பாரம் தெரியாது. ராக்கொடி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ஜடைநாகம், ஒட்டியாணம் எல்லாம் இப்படி உருவானவை. 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த இந்த ஊரில் கோயில் மூர்த்திகளுக்கென்று செய்யப்பட்டவை, பிறகு பரதநாட்டிய மேடைக்கு வந்தன. புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் பட்டறைகள் குறைந்துகொண்டே வருகின்றன.

குறைந்ததற்குப் பொற்கொல்லரின் சோம்பலோ, அவர் பிள்ளைகளின் நன்றியின்மையோ காரணம் அல்ல. 1963 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்வதைத் தடுத்தன. ஒரே உத்தரவில் நாடெங்கும் நகைத்தொழிலாளர் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. காரட் வரம்பு சில ஆண்டுகளில் தளர்ந்தாலும், கட்டுப்பாடு 1968-இல் சட்டமாகி 1990 வரை நீடித்தது. அந்தக் காலத்தில் வளர்ந்த பிள்ளைகள் வேறு வேலை தேடிப் போனதில் என்ன வியப்பு? மிச்சம் இருந்தவர்களை அச்சு வார்ப்பு நகையும் முலாம் பூசிய செட்டும் நெருக்கின. இந்தச் செட்டுகளை வாங்குவோரில் அயலகத் தமிழ்க் குடும்பங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பெண்ணின் அரங்கேற்றத்துக்கு மண்டபம், பக்கவாத்தியம், பட்டு எல்லாவற்றுக்கும் தாராளமாகச் செலவழிக்கிறார்கள். நகைக்கு வரும்போது மட்டும் எது அசல், எது அச்சு என்று பிரித்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. பட்டறையில் ஓராண்டு உட்கார்ந்து எழுந்த ஒருவர் அவர்கள் வாழும் ஊரில் இருந்தால், அவரைச் சுற்றிப் பத்துக் குடும்பத்துக்காவது அந்த வேறுபாடு தெரியவரும். வடசேரிக்கு வேண்டியது பாராட்டு அல்ல, வேலைப்பாட்டை அடையாளம் கண்டு உரிய கூலி கொடுக்கத் தயாரான வாடிக்கையாளர்கள். கற்றவர் ஊருக்குத் திரும்பும்போது அவர்களையும் உருவாக்குகிறார்.

இந்த யோசனைக்கு வரக்கூடிய மறுப்புகளில் மிகவும் கனமானது சாதியைப் பற்றியது. பரம்பரைத் தொழிலைப் போற்றுவது குலத்தொழிலை மறுபடியும் நியாயப்படுத்துவது ஆகாதா? தமிழகம் இந்தக் கேள்வியை லேசாக எடுத்துக்கொண்டதில்லை. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டம் குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டு, மறு ஆண்டே காமராஜர் ஆட்சியில் கைவிடப்பட்டது. 2023-இல் ஒன்றிய அரசு கைவினைஞர்களுக்கெனத் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தின் குடும்பத் தொழில் நிபந்தனையை ஏற்க மறுத்த தமிழக அரசு, 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தனியாகக் கொண்டுவந்தது. அந்த எச்சரிக்கை சரியானது. பொற்கொல்லர் வீட்டுப் பையன் பொறியாளராவதை யாரும் தடுக்கக் கூடாது. ஆனால் அந்த நியாயத்தின் மறுபாதியை நாம் பேசுவதில்லை. பிறப்பு ஒருவரைப் பட்டறையில் கட்டிப்போடக் கூடாது என்றால், வேறு வீட்டில் பிறந்த ஒருவரைப் பட்டறை வாசலில் நிறுத்தவும் கூடாது. படித்து முடித்து, சொந்த விருப்பத்தில், கடல் தாண்டிக் கற்க வருகிற 25 வயதுக்காரரிடம் எந்தக் குலத்தொழிலும் இல்லை. அவருடைய பாட்டனார் டர்பனில் கரும்பு வெட்டியிருக்கலாம், மலாயாவில் ரப்பர் பால் எடுத்திருக்கலாம். அவர் பட்டறை மணையில் உட்காரும் நாளில் இந்த வேலை ஒரு சாதியின் கடமையாக இருப்பது மாறி, யாரும் தேர்ந்தெடுக்கக்கூடிய கலையாகிறது. தலைமுறைகளாக ஆண்களே அமர்ந்த இடத்தில் பெண்ணும் அமர இது ஒரு தொடக்கமாகலாம்.

இன்னொரு மறுப்பு, வந்தவர் வித்தையை எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்பது. வெறும் கற்பனை பயம் என்று இதை ஒதுக்க முடியாது. பரதநாட்டியத்தில் நடந்ததை நாம் பார்த்திருக்கிறோம். 1930-களில் அந்தக் கலை எல்லோருக்குமான மேடைக்கு வந்தபோது அதற்கு உலகப் புகழ் கிடைத்தது. அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த பெண்களுக்கோ பெயரும் கிடைக்கவில்லை, மேடையும் கிடைக்கவில்லை. நகைத்தொழிலிலும் அது நடக்க விடக் கூடாது. கதவைப் பூட்டி வைப்பதால் அதைத் தடுக்க முடியாது, உள்ளே இருக்கிற ஆசான்களே ஒருவர் பின் ஒருவராக மறைந்துபோவார்கள். கதவைத் திறக்கும்போதே நிபந்தனைகளை எழுதிக்கொள்வதுதான் வழி. கற்பிக்கும் ஆசானுக்குக் கற்பித்தலுக்கென்றே மாதச் சம்பளம் வேண்டும். கற்பிக்க உட்கார்ந்தால் அவருடைய உற்பத்தி குறையும், அந்த இழப்பை அவர் தலையில் கட்டக் கூடாது. மாணவர் பிற்பாடு விற்கும் நகையில் ஆசானின் பெயரும் பட்டறையின் பெயரும் இடம்பெற வேண்டும். ஊர்ப் பெயருக்குப் புவிசார் குறியீடு ஏற்கெனவே காவலாக நிற்கிறது. வேறு நாட்டில் செய்ததை இந்தியாவில் நாகர்கோவில் நகை என்று சொல்லி விற்பதற்கு அது இடம் தராது.

மண்ணை விட்டுப் போனால் தொழில் கெட்டுவிடும் என்று வருந்துவோரும் உண்டு. ஆனால் தென் தாய்லாந்தில் குளோங் தோம் என்னும் இடத்தில் ஓர் உரைகல் கிடைத்தது. 'பெரும்பதன் கல்', அதாவது பெரிய பொற்கொல்லரின் கல், என்று அதில் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறித்திருக்கிறது. கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கணிக்கிறார்கள். பொன்னின் மாற்றை உரசிப் பார்க்கும் கல்லையும் எடுத்துக்கொண்டு தமிழ்ப் பொற்கொல்லர் அன்றே கடல் கடந்து தொழில் செய்திருக்கிறார். ஊர் விட்டு ஊர் போவது இந்த வித்தைக்குப் பழகிய பாதைதான்.

நடைமுறைத் தடைகளில் பெரியது விசா. இந்தியாவின் இ-சுற்றுலா விசாவில் வருகிறவர் கைவினை போன்றவற்றைச் சான்றிதழ் இல்லாத குறுகிய பயிற்சியாக 6 மாதத்துக்கு மிகாமல் கற்கலாம். கல் பதிக்கத் தொடங்கவே அந்தக் காலம் போதாமல் போகலாம். மாநில அரசு ஒரு கல்வி நிறுவனத்தோடு இணைத்து ஓராண்டுப் பயிற்சியாக இதை வடிவமைத்து, மாணவர் விசாவுக்குத் தகுதி பெற்றுத் தரலாம். 1957 முதல் சிற்பக்கலை கற்பிக்கும் மாமல்லபுரம் அரசுக் கல்லூரிக்கு இதில் வழிகாட்டும் அனுபவம் இருக்கிறது. செலவில் ஒரு பகுதியை அயலக மாணவரிடம் கட்டணமாகப் பெறலாம்; அவர்களில் பலரால் கொடுக்க முடியும். அந்தப் பணத்தில், வருகிற ஒவ்வோர் அயலக மாணவருக்கும் ஈடாகக் குமரி மாவட்டத்திலிருந்தே ஒருவரை, எந்தச் சாதியாக இருந்தாலும், பெண்களுக்கு முன்னுரிமை தந்து, உதவித்தொகையோடு அதே பட்டறையில் சேர்க்க வேண்டும். அயலக மாணவர் விமானம் ஏறிய பிறகும் வடசேரியில் வேலை செய்யப்போவது அந்த உள்ளூர் மாணவர்தான்.