உரத்தின் மேல் ஒரு வழக்கு

பொங்கலுக்கென்று வாங்கிய பெருவள்ளிக்கிழங்குகளில் ஒன்று, மாசி பிறப்பதற்குள் நம் வீட்டு உக்கிராண அறையிலேயே அழுகிப் போயிற்று. “உரம் போட்டு வளர்த்த கிழங்கு நாள்படாது என்று நான் அப்போதே சொல்லவில்லையா?” என்றார் நம் சகதர்மிணி. இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் காரணம் கேட்டே பழகிவிட்டோம் அல்லவா? “அதற்கு அத்தாட்சி என்ன?” என்று கேட்டு வைத்தோம். “அழுகின கிழங்குதான் அத்தாட்சி. வேறு என்ன வேண்டும் உங்களுக்கு?” என்று பதில் வந்தது.

இந்தக் குற்றச்சாட்டு நம் வீட்டோடு நிற்பதன்று. மேற்கு ஆப்பிரிக்காவில், நைஜீரியா, கானா முதலிய தேசங்களில், வள்ளிக்கிழங்கு பயிரிடும் குடியானவர்கள் பலர் இதையே சொல்லுகிறார்கள். அவர்கள் பேச்சை லேசாகத் தள்ளிவிட முடியாது. உலகத்தில் விளையும் வள்ளிக்கிழங்கில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நைஜீரியாவில் விளைகிறது. நமக்கு அரிசி எப்படியோ, அங்கே பல ஜனங்களுக்கு இந்தக் கிழங்கு அப்படி. வேகவைத்து உரலில் இடித்து உண்கிறார்கள். இக்போ மக்கள் புதுக்கிழங்குக்கென்றே திருவிழா எடுக்கிறார்கள். வருஷத்தில் ஒரு பருவத்தில் தோண்டியதை வைத்துப் பல மாதம் சாப்பிட வேண்டும். அடுத்த வருஷத்து விதையும் அந்தக் கிழங்கேதான். ஆகவே ஒரு கிழங்கு அழுகினால், இந்த வருஷச் சோறும் அடுத்த வருஷப் பயிரும் சேர்ந்து போகின்றன.

உரம் உண்மையிலேயே குற்றவாளிதானா? தோண்டி எடுத்த கிழங்கு செத்த பொருளன்று, உயிருள்ளது. அது சுவாசிக்கிறது, தன் மாவுச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கிறது, நீரை இழக்கிறது. சில மாதம் உறங்கி, பிறகு முளைவிட்டு வற்றிப் போகிறது. இதற்கிடையில் தோலில் காயம் பட்டிருந்தால் அதன் வழியாகப் பூஞ்சணம் புகுந்து உள்ளே அழுகச் செய்கிறது.

தழைச்சத்தை அளவுக்கு மிஞ்சிப் போட்டாலும், காலம் கடந்து போட்டாலும், கொடியும் இலையும் மதமதவென்று வளரும். கிழங்கு முற்றுவது தாமதப்படும். முற்றாத கிழங்கில் நீர் அதிகம், மாவு குறைவு, தோலும் உறுதிப்பட்டிராது. அதைத் தோண்டி வைத்தால் நாள்படாது என்பதில் ஆச்சரியமில்லை. இலையில் உண்டாகும் சர்க்கரை கிழங்கில் இறங்கி மாவாவதற்குச் சாம்பல்சத்து வேண்டும். அதை மறந்து யூரியாவை மட்டும் கொட்டுகிறவருடைய தோட்டத்தில் இலைக்குக் கல்யாணம், கிழங்குக்குப் பட்டினி.

ஆனால் எல்லா உரமும் எப்பொழுதும் கிழங்கைக் கெடுக்கும் என்று சொல்வதற்கில்லை. செய்து பார்த்த பரீட்சைகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. சிலவற்றில் சேதம் அதிகமாயிற்று, சிலவற்றில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தென்படவில்லை. எந்தச் சத்து, எவ்வளவு, எப்பொழுது என்று கேளாமல் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது.

உரத்தை அடியோடு விலக்கிவிடுவதும் எளிதன்று. மேற்கு ஆப்பிரிக்காவில் நெடுங்காலம் தரிசாகக் கிடந்த நிலத்தைத் திருத்தினால், அதன் முதல் மரியாதை வள்ளிக்கிழங்குக்கே. இப்பொழுது நிலத்துக்கு நெருக்கடி வந்து தரிசுக் காலம் குறுகிவிட்டது, மண் இளைத்துவிட்டது. உரமில்லாவிட்டால் விளைச்சல் குறையும். விளையாத கிழங்கைச் சேமித்து வைக்கவும் முடியாதல்லவா? குடியானவருடைய தயக்கம் அறியாமையன்று. ஒரு வருஷத்துச் சாப்பாட்டைப் பணயம் வைக்கிறவருடைய ஜாக்கிரதை அது.

உரத்தைக் காட்டிலும் நம் கைக்கு எட்டிய காரியங்கள் சில உண்டு. கொடி மஞ்சளித்துக் காய்ந்த பிறகே தோண்ட வேண்டும். மண்வெட்டி படாமல் எடுக்க வேண்டும். எடுத்ததைச் சுமார் 30 டிகிரி உஷ்ணத்தில், ஈரக் காற்றில், நாலைந்து நாள் வைத்திருந்தால் சிறு காயங்கள் தோல் மூடி ஆறும். பிறகு நிழலும் காற்றோட்டமும் வேண்டும். ஆப்பிரிக்கக் குடியானவர்கள் கொம்புகளை நட்டு, கிழங்குகளை அவற்றில் வரிசையாகக் கட்டித் தொங்கவிடுகிறார்கள்; அடிக்கடி பார்த்து, கெட்டதை விலக்கி, முளையைக் கிள்ளிவிடுகிறார்கள். குளிர்ப்பெட்டி இதற்கு உதவாது. 12 டிகிரிக்குக் கீழே போனால் கிழங்கு குளிரினாலேயே கெட்டுவிடும்.

இவ்வளவும் யோசித்தபின் நம் வீட்டுக் கிழங்கை மறுபடி எடுத்துப் பார்த்தோம். பக்கத்தில் ஆழமான மண்வெட்டிக் காயம் ஒன்று இருந்தது. அழுகல் அங்கிருந்துதான் பரவியிருந்தது. போதாக்குறைக்குக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி மூலையில் போட்டிருந்தது. இந்தச் சாட்சியங்களை நம் சகதர்மிணியின் முன்னால் வைத்தோம்.

அவர் நிதானமாகக் கேட்டார்: “கடையில் காயத்தைப் பார்க்காமல் வாங்கினது யார்? பையோடு கட்டிப் போட்டது யார்?”

இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றுதான். உரத்தின் மேல் இருந்த வழக்கு ஒத்திவைக்கப்பட்டது. இப்பொழுது குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் நாம்.