11ஆம் வகுப்புக்கு பொதுத்தேர்வு இல்லை... அந்த ஒரு வருஷம் யாருக்கு? என்.எஸ்.எஸ். முதல் பி.இ.டி. பீரியட் வரை ஓர் அலசல்

'பி.இ.டி. பீரியடை கடன் வாங்கும் மேத்ஸ் டீச்சர்' - தமிழ் மீம் பேஜ்களில் இந்த டெம்ப்ளேட்டுக்கு எக்ஸ்பயரி டேட்டே கிடையாது. 'பசங்களோட விளையாட்டு நேரத்தை கடன் வாங்காதீங்க' என்று விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின் மேடையிலேயே ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்ளும் அளவுக்கு, இது எல்லா ஊருக்கும் தெரிந்த கதை.

சிரிச்சுட்டு ஸ்க்ரோல் பண்ணிடலாம்தான். ஆனா இப்போ இதைப் பத்திப் பேச ஒரு காரணம் இருக்கு. தமிழ்நாட்டில் 2017-18இல் கொண்டுவரப்பட்ட 11ஆம் வகுப்பு பொதுத்தேர்வு, 2025-26 கல்வியாண்டிலிருந்து ரத்து செய்யப்பட்டிருக்கிறது. 10, 11, 12 என்று தொடர்ந்து மூன்று வருஷம் பொதுத்தேர்வு எழுதிய மாணவர்களுக்கு, நடுவில் ஒரு வருஷம் மூச்சுவிட இடம் கிடைத்திருக்கிறது. அந்த வருஷம் மாணவர்களுக்குப் போகுமா, இல்லை பிளஸ் 2 பாடத்துக்கே போய்விடுமா?

பள்ளியில் என்னென்ன இருக்கு?

பட்டியலில் குறையே இல்லை. என்.சி.சி. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. பள்ளி மாணவர்களுக்கு ஜூனியர் பிரிவு, முடித்தால் 'ஏ' சான்றிதழ். சாரண, சாரணியர் இயக்கம், ஜே.ஆர்.சி., தேசிய பசுமைப் படை, இலக்கிய மன்றம் எல்லாம் பல பள்ளிகளில் உண்டு. 2022இல் அரசுப் பள்ளிகளுக்கு கலைத் திருவிழாவும், அறிவியல் செய்முறைகளுக்காக வானவில் மன்றமும் வந்தன.

மேல்நிலை மாணவர்களைப் பொறுத்தவரை முக்கியமானது என்.எஸ்.எஸ். காந்தி நூற்றாண்டான 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கி, பிறகு பிளஸ் 1, பிளஸ் 2 வகுப்புகளுக்கும் வந்த திட்டம். ஒரு தன்னார்வலர் வருஷத்துக்கு 120 மணி நேரம் என இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம். பல பள்ளிகள் காலாண்டு விடுமுறையில் பக்கத்து கிராமத்தில் இந்த முகாமை நடத்துகின்றன. குளக்கரையைச் சுத்தம் செய்வது, மரக்கன்று நடுவது, கண் சிகிச்சை முகாமுக்கு உதவுவது, விழிப்புணர்வுப் பேரணி என்று நாட்கள் போகும்.

120 மணி நேரம் என்றால் வாரத்துக்கு சுமார் மூன்று மணி நேரம். கணக்குப் போட்டா பெரிய விஷயமில்லை. ஆனால் காலை சிறப்பு வகுப்பு, மாலை சிறப்பு வகுப்பு, சனிக்கிழமை டெஸ்ட் என்று ஓடும் அட்டவணையில் அந்த மூன்று மணி நேரம் எங்கே இருக்கு?

இதுக்கு மார்க் உண்டா?

உண்டு. மேல்நிலை வகுப்புகளில் ஒவ்வொரு பாடத்துக்கும் அகமதிப்பீட்டுக்கு 10 மதிப்பெண். வருகைப்பதிவு, உள்தேர்வுகள், ஒப்படைவு ஆகியவற்றோடு, இணைச் செயல்பாடுகளுக்கும் அதில் 2 மதிப்பெண் இருக்கிறது. ஆறு பாடங்களுக்குச் சேர்த்தால் 600க்கு 12.

நடைமுறை என்னன்னு பிளஸ் 2 முடிச்ச யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. பையன் முகாமுக்குப் போனாலும் போகாவிட்டாலும் அகமதிப்பீட்டில் பெரும்பாலும் முழு மார்க் விழுந்துவிடும். மாணவரின் மொத்த மார்க் குறையக் கூடாது என்ற அக்கறையில் ஆசிரியர்கள் செய்வது அது. ஆனால் எல்லாருக்கும் ஒரே மார்க் என்றால், ஏழு நாள் கிராமத்தில் தங்கி வேலை பார்த்த மாணவிக்கும், எதிலுமே பெயர் கொடுக்காத மாணவனுக்கும் காகிதத்தில் வித்தியாசமே இல்லாமல் போகிறது.

பள்ளிக்கு வெளியே சில பலன்கள் உண்டு. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் இருக்கின்றன. அரசுப் பணியில் 3% விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. காவலர் தேர்வில் என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்குச் சிறப்பு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு மாவட்டம், மாநிலம் என்று ஜெயித்துக் காட்ட வேண்டும். அந்த இடத்துக்கு வர, எட்டாவதிலும் ஒன்பதாவதிலும் ஒழுங்காக விளையாட விட்டிருக்க வேண்டும். 'பத்தாவது வந்தாச்சு, பேட்டை தூக்கி பரண்மேல போடு' என்று சொல்லும் வீட்டிலிருந்து ஒரு பிள்ளை அந்த 500 பேரில் ஒருவராக வருவது கஷ்டம்.

அப்போ மார்க்கை ஏத்திட்டா சரியாகுமா?

பக்கத்து மாநிலமான கேரளா அதைச் செய்து பார்த்திருக்கிறது. அங்கே 10ஆம் வகுப்பிலும் பிளஸ் 2விலும் கலை, விளையாட்டு, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., 2010இல் தொடங்கிய மாணவர் காவல் படை என்று பலவற்றுக்கும் 'கிரேஸ் மார்க்' உண்டு. பங்கேற்பு பெருமளவில் இருக்கிறது. மாநில பள்ளிக் கலோற்சவம் என்றால் ஊரே திருவிழா.

இன்னொரு பக்கமும் இருக்கு. கலோற்சவத்தில் முடிவை எதிர்த்து அப்பீல், நீதிமன்ற உத்தரவோடு மேடை ஏறுவது, நடன உடைக்கும் பயிற்சிக்கும் பெற்றோர் கொட்டும் பணம் என்று விமர்சனங்கள் ஓய்ந்ததே இல்லை. போட்டி முற்றிப்போனதால் 'கலாதிலகம்', 'கலாபிரதிபா' பட்டங்களையே கைவிட்டார்கள். 2021இல் கொரோனாவால் நிகழ்ச்சிகள் நடக்காததால் கிரேஸ் மார்க் இல்லை என்று அரசு அறிவித்தபோது, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. மார்க் என்று வந்துவிட்டால், பணம் இருக்கிற வீடு முன்னால் ஓடும்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வேறு வழி. தமிழ்க் குடும்பங்கள் அதிகம் வாழும் டொராண்டோ இருக்கும் மாகாணம் அது. அங்கே உயர்நிலைப் பள்ளி டிப்ளமோ வாங்க 40 மணி நேர சமூகப் பணி கட்டாயம். மார்க் கிடையாது. நூலகமோ, முதியோர் இல்லமோ, மாணவரே இடம் தேடிப் போய் முடித்து, பதிவு செய்து கொடுக்க வேண்டும். அந்த 40 மணி நேரம் பூர்த்தியாகாமல் டிப்ளமோ இல்லை.

உண்மையான தட்டுப்பாடு எது?

இரண்டு விஷயம்: நேரம், ஆள்.

முதலில் நேரம். இந்தச் செயல்பாடுகள் பெரும்பாலும் மாலை 4 மணிக்குப் பிறகோ, விடுமுறை நாளிலோதான் நடக்கின்றன. கார் அனுப்பும் வீட்டுக்கு அது பிரச்சினையே இல்லை. ஆனால் 4.30 டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் ஆறரைக்குத்தான் என்ற ஊரிலிருந்து வரும் மாணவிக்கு, 'ஈவினிங் பிராக்டிஸ்' என்றாலே 'நான் வரல மிஸ்' என்பதுதான் பதில். வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கும், லீவு நாளில் வேலைக்குப் போகும் பையனுக்கும் அதே நிலைதான். அவர்களுக்கு ஆர்வமில்லை என்று ஆசிரியர் எழுதிக்கொள்வார். இந்த வாய்ப்புகள் அதிகம் தேவைப்படுகிற பிள்ளைகளே இப்படித்தான் முதலில் வெளியே நிற்கிறார்கள்.

அடுத்து ஆள். 2012இல் ஓவியம், உடற்கல்வி, இசை, தையல், கணினி போன்றவற்றுக்காக 16,549 பகுதி நேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்தில் மூன்று அரை நாள், தொடக்கத்தில் 5,000 ரூபாய் சம்பளம். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் உட்கார்ந்து போராடிய படங்கள் வருஷா வருஷம் செய்தியில் வந்தன. அந்த நியமனமும் 6 முதல் 8ஆம் வகுப்பு வரைக்கானது. மேல்நிலையில் என்.எஸ்.எஸ். திட்ட அலுவலர் என்பவர், இயற்பியலோ வணிகவியலோ எடுக்கிற ஆசிரியர்தான். தேர்ச்சி விகிதம் குறைந்தால் அவரிடம் விளக்கம் கேட்பார்கள். முகாம் நன்றாக நடக்காவிட்டால் யாரும் கேட்பதில்லை.

என்ன செய்யலாம்?

11ஆம் வகுப்பில் இப்போது கிடைத்திருக்கும் இடைவெளிதான் நல்ல தொடக்கம். 11ஆம் வகுப்பு பாடத்தைத் தாண்டிக் குதித்து இரண்டு வருஷமும் பிளஸ் 2 பாடத்தையே நடத்துகிறார்கள் என்ற புகாரால்தான் அந்தப் பொதுத்தேர்வே வந்தது. இந்த வருஷத்தை அப்படியே விட்டுவைத்தால் பழைய கதை திரும்பும்.

- வாரத்துக்கு மூன்று பீரியட், பள்ளி நேரத்துக்குள்ளேயே, அட்டவணையில் எழுதப்பட்டு இருக்க வேண்டும். எந்தப் பாடத்துக்கும் கடன் கொடுக்கக் கூடாது.
- பொறுப்பாசிரியருக்கு அதே அளவு பாடவேளை குறைக்கப்பட வேண்டும்.
- எல்லாருக்கும் 2 மார்க் போடுவதற்குப் பதில், மாணவர் என்ன செய்தார், எத்தனை மணி நேரம் செய்தார் என்ற பதிவு சான்றிதழோடு போகட்டும். ரத்த தான முகாமில் பெயர் பதிவு செய்தவர், ஏரிக்கரையில் 200 கன்று நட்ட குழுவில் இருந்தவர் என்று அதில் இருந்தால், கல்லூரிக்கும் வேலை கொடுப்பவருக்கும் அது ஏதாவது சொல்லும்.

'படிப்பு கெட்டுடுமே' என்ற பெற்றோரின் பயம் நியாயமானது. ஒரே ஒரு கட்-ஆஃப் மார்க்கில் சீட் போன கதை எல்லாத் தெருவிலும் இருக்கு. அதனால்தான் இதைப் பெற்றோரின் தனிப்பட்ட துணிச்சலுக்கு விடக் கூடாது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் நடந்தால், 'என் பிள்ளை மட்டும் பின்தங்கிடுமோ' என்ற கணக்கே எழாது.

வேலைக்குப் போய்விட்ட முன்னாள் மாணவர்களுக்கும் இதில் இடமுண்டு. 2024இல் மறுகட்டமைப்பு செய்யப்பட்ட பள்ளி மேலாண்மைக் குழுக்களில் முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். படித்த பள்ளிக்கு ஸ்மார்ட் டி.வி. வாங்கிக் கொடுப்பது நல்ல விஷயம்தான். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது 11ஆம் வகுப்பின் கால அட்டவணையைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். அதில் என்.எஸ்.எஸ்.ஸும் பி.இ.டி.யும் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு இருக்கின்றன, கடந்த மாதம் அவை உண்மையிலேயே நடந்தனவா என்றும் விசாரிக்கலாம்.